கூரையில் ராட்டை – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். ஆர்க்கிடெக்சர் இறுதியாண்டு படிக்கிறேன். எழுத்தாளர்களும் ஓவியர்களும் சில மாதங்கள் தங்கி வேலை செய்ய ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் 12 அறைகளோடு ஒரு இல்லம், இதுதான் என் தீசிஸ். காந்தி, தத்துவவாதி விட்கன்ஸ்டைன், ஓவியர் ஆதிமூலம் மூவரின் பாதிப்பில் செய்கிறேன். பொதுக்கூடத்தில் ராட்டை வடிவில் வெளிச்சம் இறங்கும் கூரை, ‘மௌனம்’ என்று பெயரிட்ட ஜன்னல் இல்லாத கான்கிரீட் அறை, ஆதிமூலத்தின் கோடுகளை அப்படியே வெட்டிய, ஓட்டைகள் கொண்ட ஜாலிச் சுவர். போன வாரம் ரிவ்யூவில் மதிப்பிட வந்த ஜூரர் ஒருவர், “ராட்டைக்குப் பதிலாக ஒரு கடிகாரத்தை வைத்தால் இந்தக் கட்டடத்தில் வேறு என்ன மாறும்?” என்று கேட்டார். பதில் வரவில்லை. ஒரு சிந்தனையைக் கட்டடமாக்கவே முடியாதா?

ப.

அன்புள்ள ப.,

ஜூரர் மேல் கோபப்படாதீர்கள். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் மோசமாக. எனக்குக் கட்டடக்கலை தெரியாது. மேற்கு பார்த்த வாடகை வீட்டு மாடியறையில் பிற்பகல் 3 மணிக்கு மேல் உட்கார முடியாமல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிடுகிற ஆள் நான். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

சேவாகிராமில் காந்தி இருந்த குடில் மண் சுவர், மூங்கில், ஓட்டுக்கூரை. ராட்டை அங்கேயும் உண்டு. காந்தியின் சீடர் மீராபென் சுவரில் மண்ணாலேயே புடைப்பாகச் செய்து வைத்தது. அதை வழித்து எடுத்துவிட்டாலும் அந்தக் குடிலில் ஒன்றும் குறையாது. சபர்மதியில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா கட்டிய காந்தி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1963இல் திறந்தார்கள், அப்போது அவருக்கு முப்பது சொச்சம் வயதுதான். 6 மீட்டருக்கு 6 மீட்டர் சதுரங்கள், செங்கல் தூண்கள், ஓட்டுக்கூரை, ஜன்னலில் கண்ணாடியே கிடையாது, மெல்லிய மரப் பலகைகளைத் திருப்பித்தான் காற்றும் வெளிச்சமும். சில சதுரங்களைக் கூரை போடாமல் முற்றமாக விட்டிருக்கிறார், நாளைக்கு இடம் போதவில்லை என்றால் பக்கத்தில் இன்னொரு சதுரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ராட்டையைக் கழற்றிக் கடிகாரம் மாட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. காந்தி செங்கலின் கணக்கிலேயே இருக்கிறார்.

அப்புறம் விட்கன்ஸ்டைன். பேச முடியாததைப் பற்றி மௌனமாக இருக்க வேண்டும் என்று எழுதியவர்தான். மௌனம் என்றால் ஜன்னலை அடைப்பது என்று எங்கிருந்து பிடித்தீர்கள்? 1926லிருந்து 1928 வரை வியன்னாவில் தன் அக்கா மார்கரெட்டுக்காக அவரே ஒரு வீடு கட்டினார். எங்கல்மன் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய வேலை, இவர் உள்ளே புகுந்து கடைசியில் முழுக்கத் தன்னுடையதாக்கிக்கொண்டார். ஆளுயரத்தைத் தாண்டிய உலோகச் சட்டக் கண்ணாடிக் கதவுகள், மூடி இல்லாத வெறும் பல்புகள், திரைச்சீலை கூடாது. எல்லாம் முடிந்து துப்புரவு வேலை தொடங்குகிற நேரத்தில் ஒரு பெரிய அறையின் உட்கூரையை 3 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னாராம். 3 சென்டிமீட்டர்! நம் ஊர் மேஸ்திரி என்றால் கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இன்னொரு அக்கா ஹெர்மின் அந்த வீட்டை வியந்துவிட்டு, இதில் தன்னால் குடியிருக்க முடியாது, இது தேவர்களுக்கான வீடு என்கிற அர்த்தத்தில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் இல்லத்தில் தங்கப்போவது தேவர்கள் இல்லை, இருமலும் மின்விசிறிச் சண்டையும் உள்ள எங்களைப் போன்றவர்கள். அதனால் அவரிடமிருந்து 3 சென்டிமீட்டர் பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வியன்னாவிலேயே விட்டுவிடுங்கள்.

பாண்டிச்சேரி எங்கே போகிறது, பஸ்ஸில் ஒரு நாள் போய் வாருங்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. கட்டடக் கலைஞர் ஆன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, அவரிடம் இருந்த ஜார்ஜ் நகஷிமா அங்கேயே தங்கி வேலை பார்த்தார். தெருவில் நின்று பார்த்தாலே போதும். சுவர் என்று ஒன்று இல்லாத மாதிரி முழு நீளத்துக்கும் படுக்கை வாட்டில் திறந்து மூடும் பட்டைகள், அந்தக் கடற்கரை வெக்கைக்கு அதுதான் வைத்தியம். கீல், தாழ்ப்பாளுக்கெல்லாம் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். வேலையே யோகம் என்று நம்பிய இடம் அது. அந்த நம்பிக்கை கையில் படுகிற இடம் தாழ்ப்பாள்தான்.

ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைப் பார்த்திருப்பீர்கள். மை குறுக்கும் நெடுக்குமாக ஓடும், அதுவே நிழல், அதுவே உடம்பு, அதுவே வேகம். ஒரே கோட்டுக்கு மூன்று வேலை. நீங்களோ கோட்டை நகலெடுத்துச் சுவரில் ஓட்டை போட்டிருக்கிறீர்கள், அந்தச் சுவருக்கு வேடிக்கை காட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதையே இரண்டடி கனமாக்கி உட்காரத் திண்ணை, புத்தகம் வைக்க மாடம், வெயிலுக்கு மறைப்பு என்று மூன்றையும் அதன் தலையில் கட்டிப் பாருங்கள். ஓவியர் பெயரை ஷீட்டில் எழுதக்கூட வேண்டியிருக்காது.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பிய பிளானைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 12 அறை, 12 குளியலறை, தியான மேடை, ஒரு தாமரைக்குளம், எல்லாம் சரி. காவிரிக்கரையில் இரண்டு மாதம் தங்குகிறவன் ஈரத்துண்டை எங்கே காயப்போடுவான்? அடுத்த ரிவ்யூவுக்கு முன் துணிக்கொடி கட்டும் இடத்தைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். மேற்கே வேண்டாம், கொடிக்குப் பக்கத்தில்தான் என் மேசை இருக்கும்.