நாய் பார்த்த நெஸ்ஸி

வணக்கம் சார்,

கோடை விடுமுறையில் என் எட்டு வயது மகளுடன் ‘ஸ்கூபி-டூ அண்ட் த லாக் நெஸ் மான்ஸ்டர்’ பார்த்தேன். 2004இல் வந்த பழைய கார்ட்டூன் படம். ஸ்காட்லாந்தில், ஸ்கூபி கூட்டத்தைச் சேர்ந்த டாஃப்னியின் உறவுக்காரப் பெண் நடத்தும் விளையாட்டு விழாவை நெஸ்ஸி (அங்கே நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் ராட்சதப் பிராணி) வந்து கலைக்கிறது. ஸ்கூபி என்ற நாயும் அதன் நண்பர்களும் துப்பறிகிறார்கள். வழக்கம்போல எல்லாம் மனிதர்கள் செய்த வேலை என்று தெரிகிறது. இதுவரை சரி. ஆனால் முடியும் நேரத்தில் ஸ்கூபி மட்டும் ஏரியில் நிஜ நெஸ்ஸி மாதிரி ஒன்றைப் பார்த்துவிடுகிறது.

என் மாமியார் “சாப்பிடாட்டி பூச்சாண்டி வருவான்” என்று சொல்லியே சோறு ஊட்டுகிறவர். அப்படியெல்லாம் எதுவும் கிடையாது என்று பிள்ளைக்குப் புரியவைக்க நான் நம்பியிருந்தது இந்தக் கார்ட்டூனைத்தான். இப்போது அவள், “அப்ப பூச்சாண்டியும் இருக்கலாம்ல?” என்கிறாள். ஒன்றே கால் மணி நேரம் கட்டியதைக் கடைசி நிமிடத்தில் இடித்துவிட்டார்கள் என்பது என் கட்சி. “குழந்தைப் படத்துக்கெல்லாம் இவ்வளவு யோசிக்கணுமா?” என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., மதுரை

அன்புள்ள ர.,

முதலில் உங்கள் கணவருக்கு: யோசிக்கணும். பெரியவர்கள் ஒரு படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துபோவார்கள். குழந்தைகள் அதையே முப்பது தடவை பார்ப்பார்கள். என் அக்கா மகன் இந்தப் படத்தை எங்கள் வீட்டில் ஓட்டிய அந்த ஒரு மே மாதத்தில், வசனத்துக்கு முன்பே வாயசைக்கும் அளவுக்கு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. (படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குற்றவாளி யார் என்று சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது.)

குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் தொய்கிறது. துரத்தல் காட்சிகள் ஒன்றிரண்டு அதிகம். ஸ்காட்லாந்து என்றால் பைப் வாத்தியம், கட்டம் போட்ட பாவாடை, கோட்டை, மூடுபனி, அவ்வளவுதான். நம் சினிமாவில் கிராமம் என்றதும் திருவிழாவும் பஞ்சாயத்தும் வந்துவிடுகிற மாதிரி. ஆனால் இரவில் நெஸ்ஸி தரையேறி வந்து அவர்கள் வேனைத் துரத்தும் காட்சி நன்றாகவே இருக்கிறது. அது முழுக்கக் கற்பனையும் இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் சொல்லும் விதி, அதாவது முகமூடியை உரித்தால் உள்ளே ஒரு மனுஷன் இருக்க வேண்டும் என்பது, 1969 செப்டம்பரில் இந்தத் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியதிலிருந்தே உண்டு. சனிக்கிழமை கார்ட்டூன்களில் அடிதடி அதிகம் என்று அங்கே பெற்றோர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப் பிறந்ததுதான் பயமுறுத்தவும் வேண்டும், பயம் தெளியவும் வேண்டும் என்கிற இந்தச் சூத்திரம். 1998இல் ஜோம்பித் தீவு படத்தில் அதை அவர்களே உடைத்துவிட்டார்கள், அதில் பேய்கள் நிஜம். நெஸ் ஏரிப் படத்தில் இரண்டு தோணியிலும் கால் வைத்தார்கள். உங்கள் கோபம் அங்கேதான்.

என்னால் அவ்வளவு கோபப்பட முடியவில்லை. காரணம், இதில் குற்றவாளி யார் என்பது. வழக்கமாக நிலத்தை அமுக்கப் பார்க்கும் ஒரு பேராசைக்காரன் இருப்பான். இங்கே பேராசிரியர் ஃபியோனா பெம்புரூக், நெஸ்ஸியைத் தேடுவதற்கே வாழ்க்கையைக் கொடுத்த பெண். நம்ப மறுக்கும் அருங்காட்சியகத்துக்காரரை நம்பவைக்க அவரே ஒரு நெஸ்ஸியைச் செய்துவிடுகிறார். தண்ணீரில் வரும் நெஸ்ஸிக்குள்ளே இருப்பது ஒரு நீர்மூழ்கி. இல்லாததைச் சொல்லி ஏமாற்றுகிறவர் அல்ல, இருக்கிறது என்று உறுதியாக நம்பி, சாட்சி கிடைக்காமல் பொய் சாட்சி தயாரிக்கிறவர். குழந்தைப் படத்தில் இப்படி ஒரு ஆளை நான் எதிர்பார்க்கவில்லை.

இதைவிட ருசியான விஷயம், அந்த ஏரியின் சரித்திரமே இப்படித்தான் இருக்கிறது. நெஸ் ஏரி சுமார் 36 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 230 மீட்டர் வரை போகும். சுற்றியுள்ள சதுப்பு மண் கரைந்து தண்ணீர் காபி டிகாஷன் நிறத்தில் இருக்கும். கொஞ்சம் ஆழம் போனாலே உள்ளே எதுவும் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் இன்று நாம் நெஸ்ஸி என்று சொல்லும் நீண்ட கழுத்துக்காரி வந்தது 1933இல்தான். அந்த வருஷ வசந்தத்தில் ‘கிங் காங்’ லண்டன் தியேட்டர்களுக்கு வந்தது. அதில் நீண்ட கழுத்துள்ள டைனோசர் ஒன்று தண்ணீரிலிருந்து எழுந்து கரையேறி ஆட்களைத் துரத்தும். மே மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில், ஏரியில் ஏதோ பெரிதாகப் புரண்டது என்று ஒரு செய்தி. அதில் கழுத்து இல்லை. ஜூலையில் ஜார்ஜ் ஸ்பைசர் என்ற லண்டன்காரர் மனைவியோடு காரில் போகும்போது, நீண்ட கழுத்துள்ள ஒரு பிராணி தங்களுக்கு முன்னால் சாலையைக் கடந்தது என்றார். வேனைத் துரத்தும் காட்சி முழுக்கக் கற்பனை இல்லை என்றேனே, அது இதுதான். தியேட்டரிலிருந்து இறங்கி ஏரிக்குப் போன கழுத்து என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன்.

அப்புறம் மார்மடூக் வெதரெல் வருகிறார். நடிகர், மௌனப் பட இயக்குநர், வேட்டைக்காரர். 1933 டிசம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்று அவரை நெஸ்ஸியைத் தேட அனுப்பியது. போன சில நாளிலேயே கரையில் காலடித் தடம் கண்டுபிடித்துவிட்டார். அச்செடுத்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். பார்த்துவிட்டு, இது நீர்யானைக் கால் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் எல்லாத் தடமும் ஒரே கால்! பாடம் செய்த நீர்யானைக் காலைக் குடை செருகும் ஜாடியாக வீட்டில் வைத்திருந்த காலம், அப்படி ஒரு காலை வைத்து அழுத்திய தடங்கள். வெதரெல் ஊர் சிரிக்க அவமானப்பட்டார்.

சில மாதம் கழித்து, 1934 ஏப்ரலில், அதே பத்திரிகையில் உலகப் புகழ் பெற்ற அந்தப் படம் வந்தது. தண்ணீருக்கு மேலே வளைந்த கழுத்து, சின்னத் தலை. எடுத்தவர் ஒரு டாக்டர் என்றதால் மறுபேச்சே இல்லை. அறுபது வருஷம் ஓடியது அந்தப் படம். வெதரெல்லின் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த கிறிஸ்டியன் ஸ்பர்லிங் தொண்ணூறு வயதில் சாகிறதுக்கு முன் உண்மையைச் சொன்னார், 1994இல் வெளியானது. வெதரெல் கேட்டார், இவர் செய்து கொடுத்தார். கடையில் வாங்கிய பொம்மை நீர்மூழ்கி ஒன்று, அதன் முதுகில் மரச் சந்துகளை அடைக்கும் பசைமாவில் பிடித்து வைத்த தலையும் கழுத்தும், மொத்த உயரம் ஓர் அடி. டாக்டரின் பெயர் வெறும் முத்திரை.

ஆக, நீர்மூழ்கிக்கு மேலே நெஸ்ஸி வேஷம். பேராசிரியர் பெம்புரூக் எழுபது வருஷம் கழித்துச் செய்ததும் அதையேதான். எழுதியவர்கள் தெரிந்துதான் வைத்தார்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இன்னும் அழகு.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். கடைசி ஷாட்டில் அதைப் பார்ப்பது யார்? கண்ணாடி போட்ட வெல்மா அல்ல. துப்பறிந்த கூட்டத்தில் ஒருவரும் அல்ல. நிழலைப் பார்த்தாலே தன் தோழன் ஷேகியின் மடியில் ஏறிக்கொள்ளும், ஒரு பிஸ்கட்டுக்கு எதையும் ஒப்புக்கொள்ளும் நாய். என் அக்கா மகன் அந்த இடத்தில் ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டுக் கேட்டான்: “மாமா, நாய் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கதானே?” அவனுக்கு நெஸ்ஸி இருக்கிறதா என்பது கவலையாக இல்லை. ஸ்கூபியின் பேச்சு எடுபடுமா என்பதுதான் கவலை. சாட்சி யார் என்று எட்டு வயதில் கேட்கிற பிள்ளையை எந்தப் பூச்சாண்டியும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் மகள் “இருக்கலாம்ல?” என்றால், “சரி, பார்த்தது யாரு?” என்று திருப்பிக் கேளுங்கள். மாமியாரிடமும் அவளே கேட்டுக்கொள்ளட்டும்.

அறிவியல் வேண்டுமானால் அதுவும் இருக்கிறது. 2018இல் நியூசிலாந்து விஞ்ஞானி நீல் ஜெமல் குழுவினர் ஏரித் தண்ணீரைப் பல இடங்களிலும் ஆழங்களிலும் மொண்டு, உயிரினங்கள் உதிர்த்து அதில் மிதக்கும் டிஎன்ஏவைப் படித்தார்கள். ஊர்வன இனத்தின் தடயம் எதுவும் இல்லை. விலாங்கு மீன்தான் எங்கே பார்த்தாலும்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறொன்று. 1969இல், ஸ்கூபி தொலைக்காட்சிக்கு வந்த அதே வருஷம், ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டர் தன் ஷெர்லாக் ஹோம்ஸ் படத்துக்காக நெஸ் ஏரியில் படப்பிடிப்பு நடத்தினார். அந்தக் கதையிலும் நெஸ்ஸி என்பது வேஷம் போட்ட நீர்மூழ்கிதான்! ஒன்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு நெஸ்ஸி செய்து இறக்கினார்கள். முதுகில் இரண்டு திமில்கள். வைல்டருக்குத் திமில் பிடிக்கவில்லை, எடுக்கச் சொன்னார். மிதக்க வைத்துக்கொண்டிருந்ததே அந்தத் திமில்கள்தான். இழுத்துக்கொண்டு போகும்போது நெஸ்ஸி அப்படியே அடியில் போய்விட்டது. 2016இல் ஒரு நீரடி ரோபோ சோனார் (ஒலி அலையால் படம் பிடிக்கும் கருவி) வைத்து ஏரியின் தரையை அளந்துகொண்டு போனபோது, நீண்ட கழுத்தோடு ஓர் உருவம் படுத்திருப்பது திரையில் தெரிந்தது. வைல்டரின் நெஸ்ஸி.

ஸ்கூபி பார்த்தது அதைத்தான் என்று நான் சொல்ல மாட்டேன், அது எழுந்து நீந்தாது. ஆனால் அந்த சோனார் படம் இணையத்தில் கிடைக்கும். இருட்டில் மங்கலாக, கழுத்து தெளிவாகத் தெரியும். யார் செய்தது என்று சொல்லாமல் முதலில் படத்தை மட்டும் மகளிடம் காட்டுங்கள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.