அந்தக் கிண்ணம் யாருடையது?

அன்புள்ள ஐயா,

இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மகனோடு உட்கார்ந்து ஆயிரம் வருடத்துக்கு முன் வட ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிச் சூறையாடிய வைக்கிங்குகளைப் பற்றிய ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறாவது படிக்கிறான். பாதி நேரம் கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். போன வாரம் ஒரு மடத்தை எரித்து, துறவிகளைக் கட்டி இழுத்துப்போகும் காட்சி வந்தது. முடிந்ததும், "அப்பா, இவங்க நல்லவங்களா கெட்டவங்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தேடிப் படித்தேன். காட்டுமிராண்டிகள் என்கிறது ஒரு கட்டுரை. இன்னொன்று, அவர்கள் விவசாயிகள், வணிகர்கள்; அடிவாங்கிய துறவிகள் கோபத்தில் எழுதிவைத்ததை நம்பி ஆயிரம் வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்கிறது. எது சரி? அப்புறம் இன்னொரு சந்தேகம். பனி மூடிய ஒரு மூலையிலிருந்து சில படகுகளில் வந்தவர்கள், இங்கிலாந்து, பிரான்ஸ் மாதிரியான அரசுகளை எப்படி இந்த ஆட்டு ஆட்டினார்கள்?

அன்புடன்,
செ.
கோவை

அன்புள்ள செ.,

உங்கள் மகனின் கேள்விக்கு வருமுன் ஒரு கிண்ணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2007 ஜனவரியில், வட இங்கிலாந்தில் ஹாரோகேட் என்ற ஊருக்குப் பக்கத்து வயலில், ஓர் அப்பாவும் மகனும் உலோகம் கண்டறியும் கருவியை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தார்கள். கருவி சத்தமிட்ட இடத்தில் தோண்டியபோது பொன்முலாம் பூசிய ஒரு வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. நம் வீட்டுச் சொம்பைவிடச் சின்னது. அதன் மேல் கொடி வேலைப்பாடு, கொடிகளுக்கு நடுவே சிங்கமும் மானும் குதிரையும் ஓடுகின்றன. உள்ளே 617 நாணயங்கள், ஒரு தங்கக் காப்பு, வெள்ளிக் காப்புகள், வெள்ளிக் கட்டிகள், வெட்டிய வெள்ளித் துண்டுகள்.

அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் பாதி உலகம் இருந்தது. அயர்லாந்துப் பாணி நகை, ரஷ்யப் பக்கத்து நகை, மத்திய ஆசியாவின் சமர்கந்தில் அடித்த இஸ்லாமிய நாணயம். பக்கத்திலிருக்கும் யார்க் நகரத்தில் வைக்கிங்குகள் அடித்த ஒருவகை நாணயத்தில் புனித பேதுருவின் பெயர் இருக்கிறது, கூடவே அவர்களின் பழைய கடவுளான தோரின் சுத்தியலும் இருக்கிறது. இரண்டு சாமியையும் பகைத்துக்கொள்ளவில்லை.

927ல் ஏதெல்ஸ்டன் என்ற ஆங்கில அரசர், வைக்கிங்குகள் கையிலிருந்த யார்க்கைப் பிடித்தார். அந்தக் குழப்பத்தில் வசதியான யாரோ ஒரு வைக்கிங் தன் சொத்தைப் புதைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. கிண்ணம் மட்டும் அவர் காலத்தையும்விடப் பழையது. 9ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய பிரான்ஸிலோ மேற்கு ஜெர்மனியிலோ, ஏதோ ஒரு தேவாலயத்துக்காகச் செய்தது. அங்கிருந்து யார்க் பக்கம் எப்படி வந்திருக்கும்? கொள்ளையில் போயிருக்கலாம், அல்லது "எங்களைக் கொள்ளையடிக்காமல் போய்விடுங்கள்" என்று கப்பமாகக் கொடுத்திருக்கலாம்.

ஆக, பாத்திரம் கொள்ளையிலோ மிரட்டலிலோ வந்தது, உள்ளே இருப்பதில் வியாபாரமும் கலந்திருக்கிறது. நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கின்றன. அதைப் புதைத்த ஆளுக்கு அந்தப் பிரிவினை புரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

வைக்கிங் என்ற சொல்லே முதலில் ஓர் இனத்தின் பெயராக இருக்கவில்லை. "வைக்கிங் போவது" என்றால் கப்பலேறிச் சூறையாடப் போவது. போகாதவன் நார்வேயிலோ டென்மார்க்கிலோ வெறும் குடியானவன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகளைப் பற்றிய சாகா (அவர்களின் பழங்கதை நூல்) ஒன்றில் ஸ்வெயின் என்று ஒருவர் வருகிறார். 12ஆம் நூற்றாண்டுக்காரர், அதாவது இந்தக் கூத்தெல்லாம் முடியும் காலத்து ஆள். வசந்தத்தில் விதைப்பை முடித்துவிட்டு அயர்லாந்துப் பக்கம் கொள்ளைக்குப் போவார். கோடை நடுவில் வீடு திரும்புவார். அறுவடை முடிந்து தானியம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி கிளம்புவார். குளிர்காலம் முழுக்க எண்பது பேருக்கு வீட்டில் சோறு போடுவார். விதைப்பு, கொள்ளை, அறுப்பு, கொள்ளை. நம்மூரில் குறுவை, சம்பா என்று பிரிப்பதுபோல அவர் கொள்ளைக்கும் வசந்தப் பயணம், இலையுதிர்ப் பயணம் என்று பெயர் வைத்திருந்தார்.

(கொம்பு வைத்த தலைக்கவசம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அது 1876ல் ஜெர்மனியில் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா என்ற இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் போட்டது. மகன் நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படட்டும்.)

சரி, எப்படி ஆட்டி வைத்தார்கள்? என் பதில்: கப்பலின் அடிப்பாகம். 1880ல் நார்வேயில் கோக்ஸ்டாட் என்ற இடத்தில் ஒரு சமாதி மேட்டுக்குள்ளிருந்து முழுக் கப்பலையே எடுத்தார்கள். 23 மீட்டர் நீளம், 32 துடுப்புகள். பலகைகள் ஓர் அங்குலக் கனம்தான். ஒன்றின் விளிம்பு மேல் இன்னொன்று ஏறி உட்கார, இரும்பு ஆணியால் பிணைத்திருக்கிறார்கள். நம் தோணி கட்டுபவர்கள் ஏரா என்று சொல்லும் அடிமரம் ஒரே ஓக் மரம். இவ்வளவு பெரிய கலம் மிதக்க ஒரு மீட்டர் ஆழம்கூட வேண்டாம். கடலைத் தாண்டும் அதே கப்பல், இடுப்பளவு தண்ணீர் இருந்தால் ஆற்றுக்குள்ளும் போகும், துறைமுகம் இல்லாத மணலிலும் ஏறும். 1893ல் இதேபோல் ஒன்றைக் கட்டி, நார்வேயின் பெர்கனிலிருந்து 28 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து காட்டினார்கள். அலையில் அந்தக் கப்பல் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுத்ததைப் பார்த்து அதன் தலைவரே வியந்து எழுதியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி பாய். கம்பளி நூல் பாய்! ஆட்டு மயிரைப் பிரித்து, கையால் நூற்று, நெய்து, கொழுப்பும் தாரும் பூசுவார்கள். இந்தக் காலத்தில் அதே முறையில் செய்து பார்த்தவர்கள், கப்பலைக் கட்டுவதைவிடப் பாய்க்கு அதிக உழைப்பு பிடிக்கிறது என்கிறார்கள். தச்சர்களைத் தொடரில் காட்டியிருப்பார்கள். அந்தப் பாய்க்காக வருடக்கணக்கில் தக்ளியோடு உட்கார்ந்திருந்த பெண்களைக் காட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கப்பலுக்கு எதிரில் அன்றைய அரசுகள் என்ன செய்ய முடியும்? ஓர் அரசர் படை திரட்ட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் இவர்கள் வந்து, எடுத்து, போயிருப்பார்கள். மடங்களோ கடலோரத்திலும் தீவிலும் மதில் இல்லாமல் கிடந்தன. உள்ளே வெள்ளிப் பாத்திரங்கள், காவலுக்குக் கடவுள்பயம் மட்டும். வந்தவர்களுக்கு அந்தக் கடவுள்மேல் பயம் இல்லை. 793ல் வடகிழக்கு இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடம் இப்படித்தான் போனது.

அந்தச் செய்தி கேட்டு, பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை ஆண்ட சார்லமேனின் அவையில் இருந்த அல்குயின் என்ற அறிஞர், இப்படியொரு கொடுமை இதுவரை நடந்ததில்லை என்று தன் சொந்த நாடான வட இங்கிலாந்தின் அரசருக்குக் கடிதம் எழுதினார். எல்லாரும் மேற்கோள் காட்டும் கடிதம் அது. அதே கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. தலைமுடியையும் தாடியையும் அந்த அஞ்ஞானிகள் மாதிரி வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டீர்களே, இப்போது பாருங்கள் என்று திட்டுகிறார். அப்படியென்றால் 793க்கு முன்பே அவர்களைப் பார்த்துப் பழகி, முடிவெட்டுவரை காப்பியடித்திருக்கிறார்கள். வியாபாரமாக வந்துபோனவர்களுக்குத்தானே எந்த மடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும்?

இப்போது, துறவிகள் மிகைப்படுத்தினார்களா என்ற கேள்வி. கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பார்கள். அடிவாங்கியவன் அளந்து எழுத மாட்டான். ஆனால் "அடிப்படையில் வணிகர்கள்" என்று வெள்ளையடிப்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: என்ன சரக்கு? தோல், மெழுகு, வால்ரஸ் தந்தம், எல்லாம் உண்மை. எல்லாவற்றோடும் மனிதர்கள். அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்பு ஒன்று 821ல் டப்ளின் அருகே ஒரு கரையைச் சூறையாடி ஏராளமான பெண்களைப் பிடித்துப்போனார்கள் என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. மிகை எதுவும் இல்லை. 841ல் அதே பகுதியில் கப்பல்களை நிறுத்த ஓர் அரண் அமைத்தார்கள். டப்ளின் நகரத்தின் தொடக்கம் அதுதான். பின்னாளில் அது பெரிய அடிமைச் சந்தை.

ஐஸ்லாந்தின் லாக்ஸ்டேலா சாகாவில் ஒரு காட்சி வருகிறது. ஹோஸ்குல்ட் என்ற பண்ணையார் ஒரு சந்தையில் வணிகன் ஒருவனின் கூடாரத்துக்குப் போகிறார். திரையை விலக்கினால் வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள். மற்றவர்களுக்கு ஒரு மார்க் எடை வெள்ளி, ஓரத்தில் இருப்பவளுக்கு மூன்று. "இவள் ஊமை, அதையும் சொல்லிவிடுகிறேன்" என்கிறான் வணிகன், நேர்மையான வியாபாரி! ஹோஸ்குல்ட் இடுப்பிலிருந்து பணப்பையை எடுக்கிறார், தராசில் வெள்ளியை நிறுக்கிறார்கள். ஐஸ்லாந்தில் அவளுக்கு ஒரு மகன் பிறக்கிறான். அவனுக்கு இரண்டு வயதாகும்போது ஒருநாள் காலையில், ஓடைக்கரையில் யாரோ பேசும் சத்தம் கேட்டு ஹோஸ்குல்ட் போய்ப் பார்க்கிறார். ஊமை தன் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கிறாள். பெயர் மெல்கோர்க்கா, அயர்லாந்து அரசர் ஒருவரின் மகள், பதினைந்து வயதில் பிடித்துவந்தார்கள். கதை 13ஆம் நூற்றாண்டில் எழுதியது, அரசகுமாரி என்பதெல்லாம் வம்சப் பெருமைக்குச் சேர்த்ததாக இருக்கலாம். ஆனால் இன்றைய ஐஸ்லாந்துக்காரர்களின் மரபணுவில் தாய்வழி முன்னோர்களில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள், தந்தைவழியில் பெரும்பாலும் ஸ்காண்டிநேவியர்கள். அத்தனை பேரும் அடிமையாக வந்தார்கள் என்று சொல்ல முடியாது. யாருமே அப்படி வரவில்லை என்றும் சொல்ல முடியாது.

கிழக்கே போனவர்களுக்கும் இதே சரக்குதான். ரஷ்ய ஆறுகள் வழியாக, ஆற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே படகைத் தரையில் இழுத்துக்கொண்டு வோல்கா வரை போனார்கள். 922ல் பாக்தாத்திலிருந்து தூது போன இப்னு ஃபத்லான் அவர்களை அங்கே பார்த்தார். கரையில் நட்ட மரச் சாமியின் முன் விழுந்து ஒருவன் வேண்டுகிறான்: இத்தனை அடிமைப் பெண்களோடும் இத்தனை தோல்களோடும் வந்திருக்கிறேன், நிறைய தினாரும் திர்ஹமும் வைத்திருக்கும் வணிகனை அனுப்பு, நான் சொல்லும் விலைக்கு அவன் பேரம் பேசாமல் வாங்க வேண்டும். இப்படி வேண்டிக்கொள்ளாத வியாபாரி எந்த ஊரில் இருக்கிறான்! முதல் பாதிதான் தொண்டையில் நிற்கிறது.

திர்ஹம் என்ற அந்த வெள்ளிக்காசுகள் பால்டிக் கடலின் கோட்லாண்ட் தீவு மண்ணில் இன்றும் கிடைக்கின்றன. 1999ல் ஒரே பண்ணையில் 67 கிலோ வெள்ளி, அதில் பதினாலாயிரத்துக்கு மேல் நாணயங்கள். நாணயத்தில் எந்தக் கலீபா பெயர் இருந்தாலும் இவர்களுக்குக் கவலையில்லை. கத்தியால் கீறிப் பார்ப்பார்கள், நல்ல வெள்ளி என்றால் எடை போட்டு, தேவைக்கு வெட்டிக் கொடுப்பார்கள். ஹாரோகேட் கிண்ணத்திலிருந்த வெட்டுத் துண்டுகள் அப்படி வந்தவைதான். சமர்கந்து நாணயம் எதை விற்று வந்தது என்பதை நாணயம் சொல்லாது.

ஐரோப்பாவை மாற்றியது கொள்ளையைவிட, கொள்ளைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாமல் தங்கியது. 865ல் பெரும்படை ஒன்று இங்கிலாந்தில் இறங்கி அடுத்த ஆண்டு யார்க்கைப் பிடித்தது. 876ல் அவர்கள் நிலத்தைப் பங்கிட்டு உழத் தொடங்கினார்கள் என்று ஆங்கில ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. 878ல் ஆல்ஃபிரட் அரசர் அவர்களைத் தோற்கடித்தும் விரட்ட முடியவில்லை, அவர்களின் தலைவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். கூடி வாழ்ந்ததில் மொழியும் கலந்தது. உங்கள் மகன் பள்ளியில் சொல்லும் தே, எக், நைஃப், ஸ்கை எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. விண்டோ என்பது "காற்றின் கண்". நம்மிடமும் ஜன்னலுக்குக் காலதர் என்று பழைய பெயர் உண்டு, காற்றின் வழி. சிலப்பதிகாரம் அதை "மான்கண் காலதர்" என்கிறது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிரான்ஸில் வேறு மாதிரி. 845ல் பாரிஸைச் சூறையாடியவர்களுக்கு 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அனுப்பினார் அரசர். கொடுத்தால் போவார்கள், பிறகு கொடுப்பார்கள் என்று தெரிந்து திரும்பி வருவார்கள். கடைசியில் 911ல் ரோலோ என்ற தலைவருக்கு சேன் ஆற்று முகத்தைச் சுற்றி நிலத்தையே கொடுத்து, மற்ற வைக்கிங்குகளிடமிருந்து நீயே காப்பாற்று என்று விட்டுவிட்டார்கள். அதுதான் நார்மண்டி. ஒன்றிரண்டு தலைமுறையில் பிரெஞ்சு பேசினார்கள், தேவாலயம் கட்டினார்கள். அந்த வம்சத்து வில்லியம்தான் 1066ல் இங்கிலாந்தைப் பிடித்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் நார்வே அரசர் ஹரால்ட் அதே நாட்டைப் பிடிக்க வந்து யார்க் அருகே செத்துப்போயிருந்தார்.

உங்கள் மகனுக்கு என்ன சொல்வது? அந்தக் கிண்ணத்தின் படம் இணையத்தில் கிடைக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் யார்க் அருங்காட்சியகமும் சேர்ந்து பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கின. படத்தைக் காட்டி, இதைச் செய்வித்த தேவாலயம், எடுத்துவந்த வைக்கிங், புதைத்தவர், விற்கப்பட்ட அந்தப் பெண்கள், தோண்டியெடுத்த அப்பா மகன், எல்லாரையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இது யாருடையது என்று கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.