முழங்கால் வலியால் நடையை விட்ட அப்பாவுக்கு

வணக்கம். 72 வயது அப்பா முழங்கால் வலியால் மெரினா நடையை விட்டுவிட்டார், யாரிடமும் பேசாமல் உட்கார்ந்தே இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மூட்டு வீங்கியோ சூடாகவோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் தொடைக்கு வலு ஏற்றுங்கள். தொடைத் தசை தளர்ந்தால் முட்டிக்குத்தான் சுமை. கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பாதத்தைச் சற்று உள்ளிழுத்து, முன்னே சாய்ந்து எழட்டும். மூன்று எண்ணி மெல்ல உட்காரணும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. காலையும் மாலையும் 5 முறை போதும். எழும்போது தலை சுற்றினால் நிறுத்திவிட்டு, பிரஷர் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மணலில் நடை வேண்டாம்.

பேச வைக்க, பழைய ஆல்பத்தை எடுத்துக் கொடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பேரப்பிள்ளைகள் கேட்கக் கேட்க, படத்தின் பின்பக்கம் அவரே எழுதட்டும். முனை மென்மையான பென்சில்தான் வேண்டும், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.