ஊர்க்காரர் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்

தம்பி, கீழக்கரையிலிருந்து துபாய்க்கு வந்து முதல் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள். நிதி ஆலோசகர் என்று கார்டு நீட்டும் ஊர்க்காரரிடம் சேமிப்பை ஒப்படைக்கலாமா, ரூம் எங்கே பார்க்கலாம், எந்த சிம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ரூமும் சிம்மும் இங்கே தேராப் பகுதியில் எந்தக் காக்காவை, அதாவது நம்மூர் அண்ணனை, கேட்டாலும் சொல்வார். பண விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஆலோசகருக்குக் காசு யார் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிந்த முதலீட்டு ஆலோசகர் என்றால் பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்கும், செபி தளத்திலேயே சரிபார்க்கலாம். அவர் உங்களிடம் பீஸ் வாங்குவார். ஏஆர்என் என்ற பதிவு எண் வைத்திருப்பவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், ஃபண்ட் கம்பெனி தரும் கமிஷன்தான் அவர் வருமானம். அது தப்பில்லை. ஆனால் அவர் விற்க வந்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். துபாயின் நிதி மையமான டிஐஎஃப்சியில் ஆபீஸ் என்றால், அதைக் கண்காணிக்கும் டிஎஃப்எஸ்ஏ தளத்தில் பெயரைத் தேடுங்கள்.

நான் வந்த புதிதில் அடுக்குக் கட்டில் ரூம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டுக் கண் அசரும் நேரமாகப் பார்த்து டை கட்டிய ஒருவர் வருவார். நம்ம பக்கத்து ஆள்தான். வாப்பா, உம்மா சுகம் விசாரித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஃபைலை விரிப்பார். 25 வருஷச் சேமிப்புத் திட்டம். என் கீழ்க்கட்டில் பெரியபட்டினத்துக்காரர் கையெழுத்துப் போட்டார். மறு வருஷம் வேலை போய் ஊர் திரும்பும்போது பணத்தைக் கேட்டால், கட்டியதில் பெரும்பகுதி, திட்டத்தைப் பாதியில் முடித்தால் பிடிக்கும் சரண்டர் கட்டணத்துக்கே சரி என்றார்கள். டை கட்டியவர் போனை எடுக்கவே இல்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அப்புறம்தான் ஃபாரத்தில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் வரி வரியாகப் படிக்க நானே பழகிக்கொண்டேன். இங்கே இருபது வருஷம் இருந்தும் கார்டையும் காரையும் பார்த்து ஆளை எடைபோடுகிற நம்மவர்கள் நிறையப் பேர்.

ஏர்வாடிப் பக்கம் தென்னந்தோப்பு மலிவாக வருகிறது என்றும் ஆசை காட்டுவார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊரில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. இதைச் சொல்லாமல் தோப்பைக் காட்டுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நல்ல ஆலோசகர் திட்டத்தை எடுத்து நீட்டுமுன் உங்களைத்தான் விசாரிப்பார். வரும்போது வாங்கிய கடன் எவ்வளவு, தங்கச்சி கல்யாணம் எப்போது, ஊரில் இருக்கும் பேங்க் கணக்கை வெளிநாட்டில் வாழ்வோருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாச்சா, இங்கிருந்து பணம் அனுப்ப என்ஆர்இ கணக்கு திறந்தாச்சா என்று கேட்பார். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். வட்டியே வேண்டாம் என்பது உங்கள் முடிவானால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். அதற்கும் வழி சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும், "பார்த்துக்கலாம்" என்று மழுப்பக் கூடாது.

இப்போதைக்கு எதிலும் கையெழுத்து வேண்டாம். அந்த ஊர்க்காரருடைய பதிவு எண்ணை மட்டும் வாங்கி எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே தேடிப் பார்ப்போம்.