147-லிருந்து 144 பவுண்டுக்கு இறங்கலாமா?

வணக்கம் தம்பி. குத்துச்சண்டையில் வழக்கமாக 147 பவுண்டு எடையில் ஆடும் உங்களை எதிராளி 144க்கு இறங்கச் சொல்கிறார், ஒன்றரைக் கிலோ கூட இல்லையே, ஆட்டம் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதிக்கலாம். 147க்கே வியர்வை சிந்தித்தான் இறங்குகிறீர்கள் என்றால், அதற்குக் கீழே குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். எச்சில் கூட ஊறாமல் தராசில் ஏறியவனுக்கு முதல் இரண்டு ரவுண்டு ஒன்றும் தெரியாது. அப்புறம் கால் கனக்கும், ஜாப் (முன்னே நிற்கும் கையால் விடும் நேர்க்குத்து) போட்ட கை முகத்தைக் காக்கத் தாமதமாகத் திரும்பும். அடி விழுவது அங்கேதான்.

2009-ல் மேனி பாக்கியாவோ என்ற குத்துச்சண்டை வீரருடன் மோத, இன்னொரு வீரரான மிகேல் கோட்டோ 145க்கு இறங்கினார். 3, 4-ஆம் ரவுண்டுகளில் விழுந்தார், 12-ஆவதில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். எடைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், பாக்கியாவோவின் வேகம் அப்படி.

சரி, காலையில் வெறும் வயிற்றில் உங்கள் எடை என்ன? 150 என்றால் மெதுவாக இறங்கலாம். 158 என்றால் மறுத்துவிடுங்கள். எடை பார்ப்பது முந்தைய நாளா, அன்றைக்கேவா என்பதையும் கேளுங்கள். அன்றைக்கே என்றால் இழந்த தண்ணீரை மீட்க நேரமே இருக்காது. சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மாத்திரைப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.