வாய் திறக்காத பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் வேலை சரிப்படுமா?

வணக்கம் அம்மா. இதழியல், மனிதவளம், சமூகப்பணி என்று உங்கள் மகள் மூன்றைச் சொல்கிறாள். நாலு பேர் கூடினால் வாயே திறக்காதவள், முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்டுச் சம்பாதிக்கிற வேலைக்கு எப்படிப் போவாள் என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். விடுமுறையில் பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். மேடைப் பேச்சு வேறு வித்தை. பேட்டி எடுக்கிறவர் தானே பேசித் தீர்த்துவிட்டால் எதிரில் இருப்பவரிடமிருந்து என்ன கிடைக்கும்?

அதற்காக, அமைதியான பிள்ளை என்பதாலேயே இந்த வேலைக்குப் பொருத்தம் என்றும் சொல்ல மாட்டேன். பயத்தில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு, கவனித்துக்கொண்டே பேசாமல் இருப்பவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்து போன உறவினர் என்ன சொன்னார் என்று மறுநாள் அவளிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னதை வரிசையாகச் சொல்லி, "ஆனா வேலையை விட்டதைப் பத்தி மட்டும் பேச்சை மாத்திட்டார்" என்று ஒரு வார்த்தை சேர்க்கிறாள் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். மீதிப் பாதி பயிற்சி.

அவள் சொல்லும் மூன்று துறைகளிலும் கேள்வி கேட்கிற நோக்கமே வேறு வேறு. அது புரிந்தால்தான் எந்தப் பக்கம் போகலாம் என்று தெரியும்.

மனிதவளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆள் எடுக்கிற நேர்காணலில் பலரும் "நெருக்கடியில் நன்றாக வேலை செய்வீர்களா?" என்று கேட்பார்கள். யார்தான் "மாட்டேன்" என்பார்கள்? அதையே, "கடைசியாக ஒரு வேலை சொன்ன நாளில் முடியாமல் போனது எப்போது? அதை முதலில் யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டால் ஆள் கொஞ்சம் யோசிப்பார். "நாங்க எல்லாரும் சேர்ந்து சமாளிச்சோம்" என்று பதில் வந்தால், "அதில் நீங்கள் செய்தது எது?" என்று அடுத்த கேள்வி. அப்போதுதான் உண்மையான விஷயம் வெளியே வரும். இதே கேள்விகளை வருகிற எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போட வேண்டும். "ஆளைப் பார்த்த உடனே கணித்துவிடுவேன்" என்று பெருமை பேசும் மேலாளர்களை நிறையப் பார்க்கலாம். ஆய்வுகள் அவர்கள் பக்கம் இல்லை. 2022-இல் பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டார்கள். ஒழுங்குபடுத்திய நேர்காணலுக்கும் பிற்கால வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 என்று வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலுக்கு 0.19 மட்டுமே. ஒழுங்கும் முன்தயாரிப்பும் பிடித்த பிள்ளைக்கு இந்தத் துறை நன்றாக ஒத்துவரும்.

சமூகப்பணியிலும் உளவியல் ஆலோசனையிலும் நிலைமை தலைகீழ். அங்கே வருபவர் வேலை கேட்டு வரவில்லை. சில சமயம் விருப்பமே இல்லாமல், யாரோ அனுப்பி வந்திருப்பார். பள்ளிக்குப் போகாத பையனிடம் "ஏன் போகல?" என்று கேட்டால் அவன் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். "அன்னிக்குக் காலையில எழுந்ததுல இருந்து என்ன நடந்துச்சு, சொல்லு" என்றால் கதையாகச் சொல்ல ஆரம்பிப்பான். சொல்லி முடித்ததும் அறிவுரைக்குத் தாவாமல், அவன் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்ல வேண்டும்: "அப்போ, பஸ்ஸில் அந்தப் பையன்கள் இருப்பாங்கன்னுதான் தயங்கின, சரியா?" தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவனே திருத்துவான். குடிப்பழக்கத்தை விட முடியாதவர்களோடு பணியாற்றிய வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த 'ஊக்க நேர்காணல்' (motivational interviewing) முறைக்கும் இதுதான் அடிப்படை. மாற வேண்டிய காரணத்தை ஆலோசகர் சொன்னால் எதிரில் இருப்பவர் மறுத்துப் பேசுவார். அவர் வாயாலேயே வந்தால் அதில் பிடிப்பு இருக்கும்.

இந்தத் துறையில் முதல் நாளே கற்க வேண்டிய இன்னொன்று ரகசியத்தின் எல்லை. "நீ சொல்வது நமக்குள் இருக்கும். ஆனால் உன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் நான் சொல்லியாக வேண்டும்" என்பதைப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னால் அது துரோகம்.

இதழியலில் கதை வேறு. எளிய மனிதரிடம் பேசும்போது பொறுமை வேண்டும், அதிகாரத்தில் இருப்பவரிடம் பேசும்போது பிடிவாதம் வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டால், கெட்டிக்காரர் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லி நழுவிவிடுவார். எது பிரசுரத்துக்கு, எது பெயர் சொல்லாமல் என்பதைப் பேசும் முன்பே இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பதில் முடிந்த பிறகும் இரண்டு மூன்று நொடி சும்மா இருந்தால், பல நேரம் அந்த இடைவெளியை நிரப்பத்தான் முக்கியமான வாக்கியம் வந்து விழும். உங்கள் மகளுக்கு இது இயல்பாகவே வரும் என்று தோன்றுகிறது. உரிமையோடு மறித்துக் கேட்பதுதான் அவளுக்குக் கடினமாக இருக்கும். "நான் கேட்டது அது இல்லை, மறுபடி கேட்கிறேன்" என்று குரல் உயர்த்தாமல் சொல்லப் பழக வேண்டும்.

அவள் பட்டியலில் இல்லாத இடங்களும் உண்டு. மருத்துவத்தையே பாருங்கள். 1984-இல் ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃப்ராங்கலும் மருத்துவர்களின் உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கி, சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கே பேசிவிட்டார். சொல்ல வந்ததே வேறாக இருக்கும், சொல்ல விட்டால்தானே!

காவல்துறை விசாரணையில் கேள்வியின் சொல்லே சாட்சியின் நினைவைக் கெடுக்கக்கூடும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துக் காட்சிகளைத் திரையில் காட்டி, கார்களின் வேகத்தைக் கேட்டார்கள். கார்கள் "நொறுங்க மோதிக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் மணிக்குச் சராசரியாக 40 மைலுக்கு மேல் என்றார்கள். வெறும் "மோதிக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 34 மைல். இரு தரப்பும் பார்த்தது அதே காட்சிகளைத்தான்! அதனால்தான் "சட்டை சிவப்பா?" என்று எடுத்துக்கொடுக்காமல், "பார்த்ததை எல்லாம் சொல்லுங்கள்" என்று விரிவாகத் தொடங்கி, பிறகு சிறிது சிறிதாகக் குறுக்கிக்கொண்டு வருகிறார்கள். மிரட்டி வாங்கும் வாக்குமூலத்துக்கு மாற்றாக இப்படிப்பட்ட முறைகளை வலியுறுத்தும் மெண்டஸ் கோட்பாடுகள் என்ற சர்வதேச வழிகாட்டு நெறிகள் 2021-இல் வெளிவந்தன. குற்றவியலில் ஆர்வம் இருந்தால் அவற்றைத் தேடிப் படிக்க அவளிடம் சொல்லுங்கள்.

போனிலும் வீடியோவிலும் நடக்கும் நேர்காணலுக்கு ஒரு வரி போதும்: தலையாட்டுவது போனில் தெரியாது, வீடியோவில் மௌனம் இணைப்பு போனதுபோல் தோன்றும், எனவே "கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பேச்சு வகுப்புக்குப் பதில் இதைச் செய்யச் சொல்லுங்கள். பாட்டியிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ அனுமதி கேட்டு, அவர்கள் பார்த்த முதல் வேலையைப் பற்றி இருபது நிமிடம் பேசிப் பதிவு செய்யட்டும். பிறகு உட்கார்ந்து அதை வார்த்தை விடாமல் எழுத வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. எங்கே குறுக்கிட்டாள், எங்கே பதிலைத் தானே முடித்துவைத்தாள், பாட்டி தொட்டுவிட்டுப் போன எந்த விஷயத்தை அவள் பிடிக்காமல் விட்டாள் என்பதெல்லாம் தாளில் அப்படியே தெரியும். அந்த இடங்களில் வேறு என்ன கேட்டிருக்கலாம் என்று ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அடுத்தவரிடம் போகட்டும். நீங்கள் திருத்த வேண்டாம், மதிப்பெண்ணும் போட வேண்டாம். நாலைந்து பேரிடம் பேசி முடிப்பதற்குள் எந்தத் துறை தன்னை இழுக்கிறது என்று அவளுக்கே ஓரளவு தெரிந்துவிடும்.

கல்லூரி தேடும்போது கட்டடத்தையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் பார்ப்பதோடு மூன்று கேள்வி கேளுங்கள். மாணவர்கள் எந்த ஆண்டில் உண்மையான ஆட்களைச் சந்தித்துப் பேசத் தொடங்குகிறார்கள்? அந்தப் பதிவுகளையோ குறிப்புகளையோ ஆசிரியர் உடன் உட்கார்ந்து பார்ப்பாரா? களப்பணியில் ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள்? மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும் அம்மா, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.