உரம் போட்டும் கத்தரி வாடினால் வேரைப் பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வர்த்தில் வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டருக்கு 4 மீட்டர் பாத்தி, செம்மணல். நாலு வருடமாகக் கத்தரி, தக்காளி, வெண்டை போடுகிறேன். இந்தக் கோடையில் செடி கூழையாக நிற்கிறது. மத்தியானம் வாடி, சாயந்தரம் நிமிர்கிறது. கோழி எருவும் 2:3:2 (தழை, மணி, சாம்பல் சத்து விகிதம்) உரமும் வைத்தும் மஞ்சளிப்பு போகவில்லை.

பதில்: அம்மா, உரத்தை நிறுத்துங்கள். ஈரம் இருந்தும் உச்சி வெயிலில் செடி துவண்டால் கோளாறு பெரும்பாலும் வேரில்தான். வாடிய கத்தரி ஒன்றைச் சுற்றி மண்வெட்டி போட்டு நெம்பி எடுங்கள். பிடுங்கினால் சல்லிவேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் அலசினால், வேரில் கடுகிலிருந்து பட்டாணி வரை வீக்கம் தெரிகிறதா? அது வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. பீன்ஸ் வேரில் இருக்கும் முண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், செடிக்கு நல்லது. புழு முடிச்சு உதிராது, வேரே பருத்துப்போனதுதான் அது. சாயந்தரமும் நிமிராமல் செடி செத்தால் அது வேறு நோய், பாக்டீரியா வாடலாக இருக்கலாம்.

மணலும் கோடைச் சூடும் சேர்ந்தால் இந்தப் புழு ஏறக்குறைய நாலு வாரத்தில் அடுத்த தலைமுறை போடும். நீங்கள் மாற்றி மாற்றிப் போட்ட மூன்றுமே அதற்குத் தீனி. அது பயிர்ச்சுழற்சி ஆகாது.

காய்ப்பு ஓய்ந்ததும் செடிகளை வேரோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள், மக்குக் குழியில் போட வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் வரை வெங்காயம், கோஸ் போடலாம். இங்கே அது குளிர்காலம், புழு மெதுவாகத்தான் பெருகும். அக்டோபரில் புழுவை ஒடுக்கப் பாதிப் பாத்தியில் செண்டுமல்லி நடுங்கள். குட்டை ரகம், 20 சென்டிமீட்டர் இடைவெளி, 6 சதுர மீட்டருக்கு 150 நாற்று. ஓரத்தில் நாலு செடி வைப்பது அழகுக்கு ஆகும், புழுவுக்கு ஆகாது. மூன்று மாதமாவது நிற்கட்டும். தைப்பூசக் காவடி மாலைக்குப் பூவைப் பறித்துக்கொள்ளலாம், வேலை செய்வது வேர்தான். களை முளைக்க விடாதீர்கள், அதிலும் புழு பிழைக்கும்.

மறுபாதியில் சணப்பை (பசுந்தாள் உரச் செடி), 30 கிராம் விதை. முதல் பூ தெரிந்ததும், தண்டு முற்றுமுன், துண்டாக்கி 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மடக்கிவிட்டு மூன்று வாரம் கழித்து அடுத்த பயிரை நடுங்கள். அடுத்த வருடம் பாதிகளை மாற்றுங்கள். மண்ணைக் கண்ணாடிப் பாலித்தீனால் மூடிச் சூடேற்றிப் புழுவைக் கொல்லும் முறையை டர்பனில் நம்ப வேண்டாம். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் மேகமும் மழையும்.

மக்கிய உரம் வருடத்துக்கு 50 கிலோ, இரண்டு தவணையாக. மணல் அதை வேகமாகத் தின்றுவிடும், அதனால் மேலே உலர்ந்த புல் மூடாக்கு போடுங்கள். பச்சைக் கோழி எரு வேரைப் பொசுக்கும். மக்கவைத்த பிறகே சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு போடுமுன், பத்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழ மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை மாகாண வேளாண் துறையின் செடாரா மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள்.

கடையில் நாற்று வாங்கும்போது ஒன்றைத் தட்டிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். முடிச்சு தெரிந்தால் அந்தத் தட்டே வேண்டாம்.